ஐந்து பேர் வெட்டிய குழி

நெதர்லாந்திலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் கழுத்தளவு குழிக்குள் நின்றார்கள். மற்ற மூவரும் மேலே நின்று மணலை வாளியில் இழுத்துக் கொட்டினார்கள். அதைப் பார்த்துப் பாஸ்டர் அருள்நேசனுக்குக் கண் கலங்கியது.

கடற்கரைக் கிராமமான கண்டக்குழியில் அவர் நடத்தும் சின்னத் தேவாலயத்துக்குக் கழிப்பறை கிடையாது. அதனாலேயே ஞாயிறு பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த வளர்ந்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஊழியம் செய்ய வெளிநாட்டுக் குழு ஒன்று இரண்டு கிழமைக்கு வருகிறது, அவர்களைக் கொண்டு கட்டிவிடலாம் என்று சபையாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வந்து இறங்கிய அன்று அவருக்கே கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. ஆளை விட நீளமான பைகளோடு ஐவரும் வேனிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் தோளில் பாம்பைப் பச்சை குத்தியிருந்தார். சாப்பாட்டு மேசையில் பாஸ்டர் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவர்கள் பாதிச் சோற்றைத் தின்றிருந்தார்கள். இவர்களைப் பார்த்தால் ஊழியத்துக்கு வந்தவர்கள் மாதிரியே இல்லை என்று அவருடைய மனைவி மெற்றில்டா குசினியில் பாத்திரம் கழுவியபடி சொன்னாள்.

ஆனால் அன்று மாலையே பாஸ்டரின் சந்தேகம் போய்விட்டது. அவர்களில் மூத்தவரான ரூபென் வாடிய முகத்தோடு வந்து, காற்று எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேதாகமத்தில் காற்று என்றால் பரிசுத்த ஆவி அல்லவா என்று பாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. பரிசுத்த ஆவியைப் பற்றி இவ்வளவு தாகத்தோடு அவருடைய சபையில் இதுவரை யாரும் கேட்டதில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் பொறுமையாக விளக்கினார். காற்றை நாம் அதட்டிக் கூப்பிட முடியாது. தாழ்மையோடு காத்திருக்க வேண்டும், கையால் உழைக்க வேண்டும், அப்போது அது தானாக வரும். என்ன உழைப்பு என்று புரிவதற்காக ஆளுக்கொரு மண்வெட்டியும் கொடுத்தார்.

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் வெளியே வந்து தென்னைகளைப் பார்த்தார்கள். ஓர் ஓலைகூட அசையவில்லை. போய்க் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

மணல் சரியச் சரியத் திரும்பவும் வெட்டினார்கள். இடையிடையே ரூபென் வந்து, இவ்வளவு போதுமா, காற்று வருமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார் பாஸ்டர். மூன்றாம் நாள் மெற்றில்டாவே மனம் இளகி, அவர்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் முத்தலிபு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கடற்கரையில் ஹோட்டல் நடத்துகிறவர். முதல்நாள் ஆராதனையில் பாட்டுச் சத்தம் கூடிவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பாஸ்டர் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

முத்தலிபு அதைக் காதில் வாங்கவில்லை. குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே நின்றவரிடம் பெயரை விசாரித்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாஸ்டர், இன்னும் எவ்வளவு ஆழம் வெட்டினா காத்து வரும் எண்டு இந்த மனிசன் காலையில ஹோட்டல் நம்பருக்கு போன் எடுத்துக் கேக்கிறாரு."

அதை ஏன் உங்களிடம் கேட்கிறார் என்றார் பாஸ்டர்.

"இவங்க என்ட கெஸ்ட். பெரிய பட்டமொண்டப் புடிச்சிக்கிட்டு கடல்ல சறுக்குற வெளாட்டுக்கு வந்தவங்க. காத்து இல்லாட்டி அது ஏலாது. எனக்கும் இண்டைக்குத்தான் வெளங்கிச்சு."

இரண்டு குழுவும் ஒரே விமானத்தில் வந்திருந்தது. இரண்டிலும் ஐந்தைந்து பேர். இரண்டு வேன்காரரும் கண்டக்குழி என்றுதான் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். வேன் மாறி ஏறிவிட்டார்கள் என்று முத்தலிபு ஆறுதலாக விளக்கினார்.

பாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். குழிக்குள்ளிருந்து ரூபென் அவரைப் பார்த்துக் கையசைத்தார். பாஸ்டரால் திருப்பிக் கையசைக்க முடியவில்லை. இவர்களிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மற்ற ஐவரின் ஞாபகம் வந்தது. ஆண்டவருக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். நீச்சல் தடாகமும் பாட்டும் கூத்துமான ஹோட்டலில், யாரும் கவனிப்பாரில்லாமல், மூன்று நாளாக.

"அப்ப எங்கட ஆக்கள் எங்க, முத்தலிபு நானா? அவங்க அங்க என்ன செய்றாங்க?"

முத்தலிபு சுற்றுமுற்றும் பார்த்தார். கதிரையைக் கிட்ட நகர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஹோட்டலுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க, பாஸ்டர். முடிச்சதுக்குப் பொறகு மாத்துவமே."