சீட்டுக்கு அடியில் கட்டிய டப்பா

கட்டபெட்டு இறக்கத்தின் நனைந்த வளைவில் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. முன்சக்கரம் இன்னும் மெல்லச் சுற்றுகிறது. தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதும் மருதாம்பாள் சீட்டுக்கு அடியில் கட்டியிருந்த மருந்து டப்பாவை அவிழ்த்துக்கொண்டு பாலத்துச் சுவரில் உட்காருகிறாள். முழங்காலில் ரத்தம் மண்ணோடு கலந்து கசிகிறது. டப்பா அவள் கணவன் கட்டிவிட்டது. "பொம்பளைங்களுக்கு இந்த எறக்கம் ஆகாது. நானெல்லாம் ஒரு நாளும் உளுந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினான். ஞாயிறுதோறும் இதே சைக்கிளில் கோத்தகிரி போய் வருகிறவன். மூடியைத் திறந்தால் அட்டை கடித்தால் போட வைத்த உப்புப் பொட்டலம் மட்டும் பிரிக்காமல் இருக்கிறது. டிஞ்சர் பாட்டிலில் அடியில்தான் கொஞ்சம் மிச்சம். கட்டுத்துணி உறைக்குள் துணி இல்லை. செய்தித்தாள் அதே பருமனுக்குச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பனிமூட்டத்தின் வெளுத்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் இடது பக்கமாகப் புரண்டு படுக்காதது ஏன் என்று இப்போது புரிகிறது. கொழுந்துக் கூடையோடு அவ்வழியே வந்த கருப்பம்மாள் நின்றுவிடுகிறாள். "ஏனுங்க அம்மிணி, ரத்தம் வருதே, டப்பாவுல துணி இல்லீங்களா?" மருதாம்பாளுக்குச் சிரிப்பு முட்டுகிறது. "இருந்துச்சுங்கக்கா. எனக்கு முன்னாலயே எங்க ஊட்டுக்காரரு உளுந்து எந்திரிச்சிருக்காரு."