மூன்றாவது கணினியில் உட்கார்ந்தவன்

அவர் மேஜையில் அறைந்த அறையில் ரப்பர் முத்திரை துள்ளிக் கீழே விழுந்தது.

நூலகர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. அவளுக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அவர் விசிறியடித்த தாள்களில் மூன்று மின்னஞ்சல்கள். மூன்றும் அவர் தன் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவை. பெண்ணின் நடத்தையைப் பற்றி வாய் கூசும் பேச்சு.

மாப்பிள்ளையின் அண்ணன் கணினி வேலையில் இருப்பவன். மூன்றும் கிளம்பியது இந்த நூலகத்திலிருந்துதான் என்று தோண்டி எடுத்துவிட்டான். கல்யாணம் நின்றுபோயிற்று.

பெண் அப்பாவுக்குப் பின்னால், கைப்பையின் வாரை முறுக்கியபடி தலைகுனிந்து நின்றாள்.

எட்டுக் கணினிகள் உள்ள அறை. உறுப்பினர் அட்டை இல்லாமல் யாரும் உட்காரக் கூடாது என்று மேலதிகாரியோடு மல்லுக்கட்டி விதி கொண்டுவந்தவள் நூலகர். அட்டை எண், எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும்.

அப்படியும் ஒருவன் அவள் கண்ணெதிரே உட்கார்ந்து ஒரு பெண்ணின் பெயரை நாறடித்திருக்கிறான்.

பல்லைக் கடித்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினாள்.

செவ்வாய், நாலேகால் மணி. ஆறு பேர்.

வியாழன், மூன்றரை. ஐந்து பேர்.

திங்கள், மறுபடியும் நாலேகால். நான்கு பேர்.

மூன்று நாளும் இருந்தது ஒரே ஒரு அட்டை எண். மூன்று நாளும் அதே மூன்றாவது கணினி.

மாட்டினாயா!

எண்ணைத் தட்டினாள். திரையில் பெயரும் படமும் வந்தன.

"கிடைச்சானா? அவன் கையை உடைக்காம விடமாட்டேன். வர்ற மாசமே வேற இடத்துல இவளைப் பிடிச்சுத் தள்ளிடறேன். இவகிட்ட என்ன கேக்கறது, மாட்டேன் மாட்டேன்னுதான் சொல்லுவா!"

நூலகர் திரையை அணைத்தாள். கோபம் தணியவில்லை.

"கார்டு இல்லாத யாரையோ நான்தான் உட்கார விட்டிருக்கேன் சார். என் மேல புகார் எழுதிக் குடுங்க."

வெள்ளைத்தாளை அவர் முன்னால் தள்ளினாள். பேனாவையும் நங்கென்று வைத்தாள்.

தண்டச் சம்பளம், பொறுப்பில்லாத பொம்பளை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் ஒரு பக்கம் நிறைய எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவள் அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா முன்னே நடந்தார். வாசலில் அந்தப் பெண் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

திரையில் வந்த படத்தில் இருந்ததைவிட ரொம்பவும் இளைத்திருந்தாள்.