உறையாத குப்பி

நாம் உண்பதிலிருந்து உடல் சூடெடுக்க உதவும் துணைநொதி, நெம்மேலிப் பக்கத்து ஆய்வுக்கூடத்திற்குச் சிறு குப்பிகளில் உறைந்து வரும். ஐஸ் மேல் வைத்துத்தான் இளக்க வேண்டும். திங்களன்று அவசரத்தில் ரெஜினா ஒன்றை வலது உள்ளங்கையில் பொத்தி இளக்கினாள். எடுத்தது போக மிச்சத்தைக் குப்பியோடு ஃப்ரீசரில் வைத்தாள்.

வியாழக்கிழமையும் அந்தக் குப்பி உறையவில்லை. அதில் செருகிய வெப்பமானி முப்பத்தேழு டிகிரி காட்டியது. அவள் வலது கைதான் ஜில்லிட்டுக் கிடந்தது.

உடன் வேலை செய்யும் பூபாலன் தொட்டுப் பார்த்தார். "இன்னாம்மா, ஐஸ்ல போட்ட மீனாட்டம் கீது."

"இந்த ஜில்லு மேல ஏறிச்சுன்னா இன்னாண்ணா பண்றது?"

"நாஸ்தாவ சூடா துன்னு. சரியாப்பூடும்."

ஃப்ரீசர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் பிடித்துப் பொங்கல் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் வெப்பமானி ஏறியது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

"போதும்மா, நிறுத்து," என்றார் பூபாலன்.

அதற்குள் ஸ்பூன் நழுவித் தட்டில் விழுந்தது. இடது கையும் ஜில்லிட்டு விறைத்திருந்தது.