நோர்வே விளக்கு

வெயில் காணாத நாட்டில் மனம் சோர்ந்துபோறவைக்கென்று செய்த விளக்கை எங்கடை டொக்டர் குலேந்திரன் நோர்வேயிலிருந்து யாழ்ப்பாணத்துக் குருநகருக்குக் கொண்டுவந்தார். பெர்னடெட் அக்கா வீட்டு முற்றத்தில் கருவாடு காயிற வெயில். அவரோ ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போடச் சொன்னார். மனச்சோர்வு ஆராய்ச்சியாம். அவரின்ரை உதவியாளன் நான். விளக்குத் தூக்குவதுதான் வேலை.

கடலுக்குப் போன புருசன் திரும்பாததிலிருந்து பாயை விட்டு எழும்பாத பெர்னடெட் அக்கா, ஒரே மாதத்தில் தலை வாரி இழுத்து, சிரித்த முகத்தோடு விளக்குக்கு முன்னால் இருந்தா.

"பாத்தியோ என்ரை விளக்கை?" என்று டொக்டர் பெருமையில் நெளிந்தார். கட்டுரைக்கென்று போனில் படமும் எடுத்தார். விளக்குக்கு முன்னால் அக்கா மட்டும்தான்; பின்னால் சுவரில் இரண்டு நிழல்கள் இருந்தன. மேதாவி அதைக் காணவில்லை. படத்தில் விளக்கு வடிவாய் விழுந்திருக்கிறதோ என்றுதான் பார்த்தார்.

"ஆராய்ச்சி முடிஞ்சுது. கழட்டு," என்றார்.

"கொண்டு போங்கோ டொக்டர்," என்றா அக்கா. "எங்கடை ஆக்கள் கடலிலை வெளிச்சம் பாய்ச்சித்தானே மீனைக் கூப்பிடுறவை. வந்தாப் பிறகு வெளிச்சம் என்னத்துக்கு?"

நான் விளக்கை அணைத்தேன். அக்காவின்ரை நிழல் சுவரிலிருந்து போய்விட்டது. மற்றது அங்கேயே இருந்து ஈரத்தலை துவட்டிக்கொண்டிருந்தது.