ஐந்தாவது நாற்காலி

ஓர் ஓட்டைக் குடையை வைத்துப் பாலத்தின் விலையைப் பாதியாக்கியவன் நான்.

“அளக்காதீங்க, சம்பந்தி” என்றார் மருமகளின் அப்பா.

“கேளுங்க. எங்க ஆபீஸ் டெண்டருக்கு நாலே கான்ட்ராக்டர். இந்த வேலை யாருக்குன்னு அவங்களே பேசி வச்சுக்குவாங்க. மத்த மூணு பேரும் வேணும்னே கூடுதலா விலை எழுதுவாங்க. அந்தத் தடவையும் விலை எகிறியிருந்தா பாலமே ரத்து. அதனால அஞ்சாவதா ஒரு நாற்காலி போட்டு, என் குடையைச் சாத்தி, ஒரு டீயும் வச்சேன். வாயே திறக்கல. நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில கவரைக் கிழிச்சு, விலையைக் குறைச்சு எழுதிப் பெட்டியில போட்டாங்க.”

சம்பந்தி காபியைக் கீழே வைத்தார்.

“குடைக்கு மூங்கில் பிடியா?”

“ஆமா.”

“நடந்தது நிஜம்தான். அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன்; அந்தப் பாலம் என் முறை. அந்த அஞ்சாவது ஆளை இருபது வருஷமா தேடிட்டிருக்கேன்.”