கோட்டைக்கு முன்னால் திரும்பிய ஜீப்

"உங்க டிரைவர் மேல புகார் எழுதணும். நோட்டு எங்க மேடம்?"

ஏலக்காரர் கேட்டது ரேஞ்சர் அம்மாவிடம்தான். ஆனால் காட்டுச் சவாரிக்கான டிக்கெட் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்க்கெட்டில் இருபது வருடமாக ஏலம் கூவும் தொண்டை அது. அவர் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டில் விளக்குப் போடுவார்கள் என்று அவருடைய அக்கா சொல்வதுண்டு.

"என்ன சார் ஆச்சு?"

"காட்டைச் சுத்திக் காட்டி, கடைசியில பழைய கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகணும். டிக்கெட்லயே போட்டிருக்கு. கோட்டை வாசல் கண்ணுக்குத் தெரியுது. அங்க போயி இவர் வண்டியை நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, திருப்பிட்டார். கேட்டா இன்ஜின் சூடாயிடுச்சாம்."

டிரைவர் கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். நரைத்த மீசை. காக்கிச் சட்டையில் ஒரு பட்டன் இல்லை.

"ஆமா மேடம். சூடாயிடுச்சு."

"திரும்பி வரும்போது பறந்து வந்துச்சே, அப்ப ஆறிடுச்சா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஏலக்காரருக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது.

"ரெண்டு மணி நேரத்துல நாலு மான், மூணு கொக்கு. கொக்கை எங்க வீட்டுக்குப் பின்னால குட்டையிலயே பார்க்கலாம். குடும்ப குரூப்ல நாற்பத்திமூணு பேர் போட்டோ எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அடுத்த வாரம் என் மச்சான் ரெண்டு வேன்ல ஆளைக் கூட்டிட்டு வர்றான். நான் என்னத்தைச் சொல்ல?"

ரேஞ்சர் அம்மா நோட்டை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை.

"எழுதினா மேல அனுப்பியே ஆகணும் சார். இவர் மேல இது மூணாவது. மூணு ஆச்சுன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்க." டிரைவர் பக்கம் திரும்பினார். "சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

டிரைவர் வரிசையைப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் கழுத்தில் கேமரா தொங்கியது.

"இன்ஜின்தான் மேடம்."

ஏலக்காரர் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளினார்.

"வண்டியில வந்த பெரியவங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும் சார்."

ஏலக்காரர் மனைவியிடம் பேனாவை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாங்க."

"அக்கா, நீ போடு."

"கண்ணாடி எடுத்துட்டு வரலைடா" என்றாள் அக்கா. கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

ஏலக்காரர் மனைவி, அக்கா, மகள் மூன்று பேரையும் வெளியே கார் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நாலு பேர் முன்னால மானத்தை வாங்கிட்டீங்களே. அந்த ஆளுக்கு ஏன் இப்படிப் பரிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

மனைவி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "நாங்க பார்த்தோம்."

"என்னத்தை?"

"சிறுத்தையை. வாயில குட்டியைக் கவ்விக்கிட்டுக் கோட்டைக்குள்ள போச்சு. இன்னொரு குட்டி இந்தப் பக்கம் புதர்ல கிடந்துச்சு. நடுவுல நம்ம வண்டி. நாம விலகினாத்தானே அது திரும்பி வரும்?"

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"சீட்டுக்கு அடியில, லென்ஸ் மூடியைத் தேடிக்கிட்டு இருந்தே" என்றாள் அக்கா. "டிரைவர் எங்களைப் பார்த்து வாயில விரலை வெச்சார். நாங்க தலையாட்டினோம்."

"முதுகுல ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்ல?"

பதில் சொன்னது எட்டு வயது மகள்.

"நீங்க கத்துவீங்கப்பா. அது பயந்து குட்டியைக் கீழ போட்டுட்டா? அப்புறம் குரூப்ல வேற போடுவீங்க. மாமா வேன்ல வந்துடுவாங்க."

ஏலக்காரர் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையை ஒரு ராத்திரி மறைத்து வைக்கத் தெரியாத வீடு அது. அவர் வழி நெடுகத் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் இந்த ரகசியத்தைக் கட்டிக்காத்திருக்கிறது. உள்ளே ஒரு மனிதர் ஒரு வார்த்தையில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அந்த வார்த்தையைச் சொல்லாமல் நிற்கிறார்.

திரும்பிப் போய்ப் புகாருக்குக் கீழே எழுதினார். ரேஞ்சர் அம்மா வாசித்தார்.

'மேலே உள்ளது தவறு. இன்ஜின் சூடானது உண்மை. நானே தொட்டுப் பார்த்தேன்.'

மனைவி கையெழுத்துப் போட்டாள். அக்காவுக்கும் இப்போது எழுத்துத் தெரிந்தது. மகளும் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"பெரியவங்க மட்டும்தான் பாப்பா."

"இவளும் பெரியவதான் மேடம்" என்றார் ஏலக்காரர்.

ரேஞ்சர் அம்மா நோட்டை மூடிவிட்டு டிரைவரைப் பார்த்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு இன்ஜின் சூடாகும்?"

"ஒரு மூணு மாசம் ஆகும் மேடம்."

"சரி. அதுவரைக்கும் கோட்டைப் பாதையை மூடிடறேன்."

கார் கிளம்பியதும் போன் அடித்தது. மச்சான்.

"மாமா, என்னென்ன பார்த்தீங்க? கோட்டைப் பக்கம் ஏதாவது இருக்கா? சனிக்கிழமை முப்பது பேர் வர்றோம்."

பின் சீட்டில் மூன்று பேரும் முன்னால் எட்டிப் பார்த்தார்கள்.

மார்க்கெட்டையே அதிரவைக்கும் அந்தத் தொண்டை, பின் சீட்டுக்கே கேட்காத குரலில் சொன்னது:

"நாலு மான், மூணு கொக்கு. வேற ஒண்ணுமே இல்லை மச்சான்."