பாதி நீலம், பாதி சிவப்பு

ஷிஃப்ட் முழுக்க நின்ற கால் விண்விண்ணென்று வலித்தது. படுக்காமல் அய்யாத்துரை, இரண்டு பழைய பொம்மை ரயில் பெட்டிகளை அறுத்து ஒரே நீளப் பெட்டியாக ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, பாதி நீலம், பாதி சிவப்பு! இத்தப் பாத்தா சிரிக்க மாட்டாங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா முனியம்மாள்.

"கலர் கெடக்கட்டும்க்கா. ஒட்டு வழுவழுன்னு இருந்தாப் போதும்லா."

ஞாயிறன்று படப்பை ஊரில், கூட வேலை பார்த்த எழிலரசன் அந்தப் பெட்டியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். "ஒட்டே தெரிலடா மச்சான்! இன்னா கலரு?"

"முழுக்க நீலம்," என்றான் அய்யாத்துரை.

ஆசிட் தெறித்து எழிலரசனுக்கு இரண்டு கண்ணும் போன அன்று, அந்த மெஷினில் நின்றிருக்க வேண்டியவன் அய்யாத்துரைதான். கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போக அவனோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டான். திரும்பி வந்து எழிலரசனுக்காக நிற்பதாகச் சொன்ன அந்த ஒரு ஷிஃப்ட் இன்னும் பாக்கி.